துரை வெட்டின கால்வாய்

எண்ணூர் நெட்டுக்குப்பம் பக்கம் மூலதனம் என்றைக்கு வந்து இறங்கியது என்று யாரும் கல்வெட்டு வைக்கவில்லை. நான் 1806 என்று வைத்துக்கொள்கிறேன். பேசில் காக்ரேன் என்ற கும்பினித் துரை பட்டணத்திலிருந்து எண்ணூர் வரை 11 மைலுக்குக் கால்வாய் வெட்டி முடித்த வருஷம். ‘வெட்டி’ என்பது சும்மா மரியாதைக்கு. துரை மண்வெட்டியைத் தொட்டிருந்தால் அதைப் படமாக வரைந்து லண்டனில் மாட்டியிருப்பார்கள். கடற்படைக்குத் தீனி சப்ளை செய்த காண்டிராக்டில் சேர்ந்த காசு அவருடையது, முதுகு நம்மாளுடையது. பிறகு அதில் போகிற படகுக்குச் சுங்கம். பெட்டியில் கிடக்கும்வரை அது வெறும் காசு. அடுத்தவன் போகிற வழியில் வந்து உட்கார்ந்த பிறகுதான் மூலதனம்.

(ஊர் திரும்பிய துரை லண்டன் வீட்டில் நீராவிக் குளியல் ஏற்பாடு செய்து, பாட்னாக்காரரான தீன் முகமதுவை வேலைக்கு வைத்துக்கொண்டார். எண்ணூரில் சும்மா கிடைத்த புழுக்கத்துக்கு அங்கே இயந்திரம்!)

கால்வாய் முடிவதற்கு முந்தின வருஷமே கும்பினி உப்பைத் தன் பேருக்கு எழுதிக்கொண்டது. கடலும் வெயிலும் சேர்ந்து இனாமாகக் கொடுத்த சரக்கு. அதைச் சுரண்டிக் கருவாட்டில் தடவினால் திருட்டு.

எதற்கு இவ்வளவு மெனக்கெடல்? ஆற்றில் கைவிட்டால் இறால், கடலில் வலைவிட்டால் மீன் என்றிருக்கிறவன் ஆலைச் சங்குக்கு எதற்கு ஓடிவருவான்? 1829-ல் தாமஸ் பீல் என்ற கனவான் மேற்கு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். மார்க்ஸ் சொல்லும் கணக்கில் 50,000 பவுனும் 3,000 ஆட்களும் அவரோடு போனார்கள். காலி நிலத்தைக் கண்டதும் ஆட்கள் கலைந்துவிட்டார்கள். ஐயாவுக்குப் படுக்கை தட்டிப்போட, தண்ணீர் மொண்டுவரக்கூட ஆளில்லை. பாவம், கூலி வாங்கியே தீர வேண்டிய நிலைமையை மட்டும் கப்பலில் ஏற்ற மறந்துவிட்டார்.

எண்ணூருக்கு வந்தவர்கள் அவ்வளவு அப்பாவிகள் இல்லை. ஆற்றைத்தான் முதலில் கவனித்தார்கள். 1970-ல் அனல்மின் நிலையம், தொண்ணூறுகளில் அக்கரையில் இன்னொன்று, 2001-ல் துறைமுகம். அதுவும் கம்பெனியாகவே பதிவான துறைமுகம். கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படியப் படிய இறால் குறைந்தது. இறால் குறையக் குறைய கம்பெனி கேட்டில் காண்டிராக்ட் கூலிக்கு நிற்கிற வரிசை நீண்டது. யாரும் யாரையும் கயிறு கட்டி இழுக்கவில்லை. அவனவன் ‘இஷ்டப்பட்டு’ வந்தான்.

சாம்பல் நிரப்பியும் தூராத மிச்சத்தைக் காகிதத்தில் தூர்த்தார்கள். 1996-ல் மத்திய அரசு ஒப்புக்கொண்ட கடலோர வரைபடத்தில் எண்ணூர் முகத்துவாரமும் கழிவெளியும் இருந்தன. பிற்பாடு அரசு அலுவலகத்திலிருந்தே வெளிப்பட்ட இன்னொரு வரைபடத்தில் காணோம். இடுப்பளவு தண்ணீரில் வலை இழுக்கிறவரிடம் போய், “நீ நிக்கிறது தரை, நைனா” என்று சொல்ல ஆபீசர் யாரையாவது அனுப்பியிருக்கலாம். கால்சட்டை நனையும் என்று விட்டுவிட்டார்களோ என்னவோ.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கிளம்பியது. வந்தது நம்ம காக்ரேன் கால்வாய் வழியாகத்தான். இடையில் பக்கிங்ஹாம் என்று வேறொரு துரை பேருக்கு மாறியிருந்தது, அவ்வளவே. வரைபடத்தில் இல்லாத முகத்துவாரத்தை யாரையும் விசாரிக்காமல் நேரே கண்டுபிடித்துப் போய், படகு, வலை, அலையாத்தி என்று எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டது. சுங்கம்கூடக் கட்டவில்லை.