குற்றவாளி ரெடி

தொப்பூர் கணவாயில் விபத்து நடந்தால் விசாரணைக்கு அரை மணி நேரம் போதும். கிரேன் வந்து சேர்வதற்குள் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் வந்தான், இல்லையா, தூங்கிவிட்டான், அதுவும் இல்லையா, குடித்திருந்தான். மூன்றில் ஒன்றை டிக் அடித்தால் கேஸ் முடிந்தது. டிரைவர் பிழைத்துக்கொண்டால் கைது. செத்துப்போனால் இன்னும் வசதி, எதிர்த்துப் பேச ஆளில்லை.

2020 டிசம்பரில் கட்டுப்பாடு இழந்த லாரி ஒன்று பத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை நொறுக்கியது. 4 பேர் செத்தார்கள். 2024 ஜனவரி 24 அன்று மறுபடி மோதல், தீ, மறுபடி 4 உயிர். அது பதிவான வீடியோவை நாடே பார்த்து உச்சுக் கொட்டியது. ஒவ்வொரு முறையும் அதிகாரிகள் வந்தார்கள், பார்வையிட்டார்கள், பலகை மாட்டினார்கள், டிரைவர்களுக்குப் புத்தி சொன்னார்கள். இப்போது எழுநூறு கோடி ரூபாய்க்கு மேல் செலவில் உயர்மட்டச் சாலை வருகிறது. வரட்டும், வேண்டியதுதான். சாலைக்கு வளைவு இருப்பதை அரசாங்கம் ஒருவழியாக ஒப்புக்கொண்டுவிட்டது. டிரைவருக்கு உடம்பு இருப்பதை மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

முதலில் அந்த நியூட்ரலைப் பார்ப்போம். இறக்கத்தில் கியரைக் கழற்றிவிட்டால் வண்டியை இழுத்துப் பிடிக்க இன்ஜின் இருக்காது. அத்தனை டன் லோடும் பிரேக்கின் தலையில் விழும். மிதிக்க மிதிக்க டிரம் சூடேறும், ஒரு கட்டத்தில் பெடல் இறங்கும், வண்டி நிற்காது. கிளீனராக ஏறிய முதல் வருஷமே கற்றுக்கொள்கிற பாடம் இது. தெரிந்தவர் ஏன் கழற்றுகிறார்? லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டு டீசலை அளந்து கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். மைலேஜ் குறைந்தால் பேட்டாவில் கை வைப்பார்கள். டீசல் மிஞ்சினால் பிள்ளைக்கு ஒரு நோட்டுப் புத்தகம். பாளையம் சுங்கச்சாவடி தாண்டினால் கிலோமீட்டர் கணக்கில் இறக்கம் ஓசியில் கிடக்கிறது. தப்புத்தான், உயிரோடு விளையாடுகிற தப்பு. ஆனால் அந்த மைலேஜ் கணக்கை எழுதிய பேனா எங்கோ ஓர் ஆபீஸில், மின்விசிறிக்குக் கீழே, சட்டைப் பையில் சுகமாக இருக்கிறதே, அதன் பெயர் எந்த எப்.ஐ.ஆரிலாவது வந்திருக்கிறதா?

அடுத்தது தூக்கம். டிரைவர் கண்ணயர்ந்துவிட்டாராம். என்ன துணிச்சல்! எத்தனை மணி நேரமாக ஓட்டிக்கொண்டிருந்தார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை, கேட்பது அநாகரிகம். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வந்தது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று சொன்னது. கூடவே, 5 தொழிலாளர்களுக்குக் குறைவாக உள்ள இடத்துக்கு நான் வரமாட்டேன் என்றும் சொன்னது. இந்த நாட்டில் லாரித் தொழில் பெரும்பாலும் ஒரு வண்டி, இரண்டு வண்டி முதலாளிகளின் தொழில். ஆக, சட்டம் நெடுஞ்சாலை ஓரமாக நின்று அறுபது ஆண்டுகளாகக் கையசைத்துக்கொண்டிருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. குறை தீர்ந்ததா? தீர்ந்தது, 5 என்பது 10 ஆயிற்று. இதற்குப் பெயர் சீர்திருத்தம்.

நேஷனல் பர்மிட் லாரிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. 2018-ல் அதையும் கழற்றிவிட்டார்கள். டிரைவர் கியரைக் கழற்றினால் குற்றம். அரசாங்கம் கழற்றினால் தொழில் செய்ய உகந்த சூழல்.

ஐரோப்பாவில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். நாளொன்றுக்குப் பொதுவாக 9 மணி நேரம்தான். வண்டியிலேயே அதைப் பதியும் கருவி உண்டு. நமக்கு அந்த வசதி ஏது என்று அங்கலாய்க்க வேண்டாம். நம்மிடம் பாஸ்டேக் இருக்கிறது. எந்த லாரி, எந்தச் சாவடியை, எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்குத் தாண்டியது என்று நொடி பிசகாமல் பதிவாகிறது. ஹைதராபாத்தில் கிளம்பிய வண்டி இடையில் எங்கும் நிற்காமல் பாளையத்துக்கு வந்தால், உள்ளே இருப்பவர் எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறார் என்று கூட்டல் தெரிந்த எவரும் சொல்லிவிடலாம். அந்தக் கூட்டலைத்தான் யாரும் போடுவதில்லை. காசு கழிந்ததா என்று பார்த்ததும் கேட் திறந்துவிடுகிறது.

இந்த இளைத்த டிரைவர் தலையில்தான் 2023 டிசம்பரில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவை இறக்கினார்கள். விபத்தில் உயிர் போய், போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ தகவல் சொல்லாமல் ஓடிவிட்டால் 10 ஆண்டு வரை சிறை. அடிபட்டவரைச் சாகவிட்டு ஓடுவது பாவம்தான், அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் மொழி தெரியாத ஊரில், நடுராத்திரியில், கட்டையோடு ஓடிவரும் கூட்டத்துக்கு முன்னால், மாஜிஸ்திரேட் வீடு எங்கே என்று டிரைவர் யாரிடம் விசாரிப்பார் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் எழுதவில்லை.

2024 ஜனவரி 1. வடக்கிலும் மேற்கிலும் டிரைவர்கள் வண்டியை ஓரங்கட்டினார்கள். ஒரே நாளில் பெட்ரோல் பங்குகளில் வரிசை அனுமார் வால் ஆனது. சண்டிகரில் டூவீலருக்கு 2 லிட்டர், காருக்கு 5 லிட்டர் என்று ரேஷன். மத்தியப் பிரதேசத்து ஷாஜாப்பூரில் மாவட்ட ஆட்சியர் டிரைவர்களைக் கூப்பிட்டுப் பேசும்போது, ஒரு டிரைவரைப் பார்த்து “உனக்கு என்ன தகுதி இருக்கிறது?” என்று சீறினார். எங்களுக்கு ஒரு தகுதியும் இல்லை, சண்டையே அதற்காகத்தான் என்றார் அந்த மனிதர். மறுநாள் மாற்றப்பட்டது டிரைவர் அல்ல, ஆட்சியர். ஜனவரி 2 இரவு, ஆலோசிக்காமல் அந்தப் பிரிவை அமல்படுத்த மாட்டோம் என்று உள்துறைச் செயலாளர் சொன்னார். ஜூலை 1 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது 106(2) மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டது. நாடாளுமன்றம் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட சட்டம்! இரண்டு நாள் ஸ்டியரிங்கைத் தொடாததால் நின்றது. மனுவால் நின்றதாக எவரும் என்னிடம் கதைவிட வேண்டாம்.

ஆனால் அன்று உள்துறைச் செயலாளருக்கு எதிரே உட்கார்ந்தது யார்? அகில இந்திய மோட்டார் டிரான்ஸ்போர்ட் காங்கிரஸ், அதாவது வண்டி உரிமையாளர்களின் அமைப்பு. வண்டியை நிறுத்தியது டிரைவர். பேசி முடித்தது ஓனர். அதனால்தான் சிறைத் தண்டனை மட்டும் பேச்சில் வந்தது. வேலை நேரம் வரவில்லை, இரண்டாவது டிரைவர் வரவில்லை, மைலேஜ் பிடித்தம் வரவே இல்லை. அவற்றை ஓனர் ஏன் கேட்கப்போகிறார்? அவருக்கு என்ன பைத்தியமா?

சொந்தச் சங்கம் வேண்டும், சொந்த நாற்காலி வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன பாடம்? 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிட்டுத் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறிய மசோதா, மே தினத்துக்குள் வாபஸ் ஆனது தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்ததால்தான். ஆலைக்குள் சங்கம் இருந்தது, 8 மணி தப்பியது. கேபினுக்குள் சங்கம் இல்லை, அங்கே எத்தனை மணி என்பது லோடு எப்போது போய்ச் சேர வேண்டும் என்பதைப் பொறுத்தது.

மேலிடத்துக்கு இந்த ஆபத்து புரிந்திருக்கிறது. புதிய தொகுப்புச் சட்டப்படி எந்தத் தொழிலாக இருந்தாலும் 14 நாள் நோட்டீஸ் கொடுக்காமல் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது. பாதிப் பேர் சேர்ந்து லீவு போட்டால் அதுவும் வேலைநிறுத்தமே. டிரைவரின் 8 மணி நேரத்தை அறுபது ஆண்டுகளாக எண்ணத் தெரியாத அரசாங்கம், இந்த 14 நாளை மட்டும் விரல் விட்டு எண்ணும். எண்ணட்டும். டிரைவர்களும் எண்ணிப் பழகட்டும்: ஓட்டிய மணி நேரத்தை, பிடித்த பேட்டாவை, சங்கத்தில் சேர்ந்த தலைகளை. மூன்றாவது கணக்கு கூடினால்தான் முதல் இரண்டும் குறையும்.