ஒழுகினாலும் ஓடம்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், பத்து ஏக்கருக்குக் குறையாத ஏரிகளை மட்டும் எண்ணினாலே 11,842. அது போதாதென்று தன் படகுக்குள்ளும் ஒரு ஏரியை வளர்ப்பவர்தான் நம் கதாநாயகர். அப்பா விட்டுப்போன சொத்து அது: ரிவெட் அடித்த பழைய அலுமினியப் படகு.

குறை சொல்லிவிட முடியாது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், கடற்படைக்குப் போர் விமானம் செய்த கிரம்மன் கம்பெனியே அலுமினியத் தோணி செய்ய இறங்கிய வரலாற்றை மூச்சுவிடாமல் சொல்வார். "விமானத்து வேலைப்பாடு!" என்பார். பறக்கிற விமானத்துக்கு அடியில் ஏரி இடிப்பதில்லை என்பதை மட்டும் விட்டுவிடுவார்.

எந்த ரிவெட் ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. படகை டிரெய்லரிலேயே நிறுத்தி, உள்ளே கொஞ்சம் தண்ணீர் விட்டு, வெளியே சொட்டுகிற இடத்தில் மெழுகுப் பென்சிலால் வட்டம் போடவேண்டும். கொஞ்சம் என்றால் இவருக்குப் பிடிக்காது, விளிம்புவரை நிரப்புவார். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன். டிரெய்லர் முனகும்.

தளர்ந்த ரிவெட்டை இறுக்க இரண்டு பேர் வேண்டும். மனைவி படகுக்கு அடியில் மல்லாந்து படுத்து, கனத்த இரும்புக் கட்டியை ரிவெட்டின் தலையோடு அழுத்திப் பிடிக்க, இவர் உள்ளே உட்கார்ந்து அதன் வாலைச் சுத்தியலால் தட்டுவார்.

"பிடிச்சுட்டியா?"

"பிடிச்சாச்சு."

"அப்புறம் ஏன் உள்ளே போகுது?"

"நான் பிடிச்சது பக்கத்து ரிவெட்டை. நீங்க எதைன்னு சொல்லவே இல்லையே!"

அதன்பிறகு சில நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இருக்காது. தனியாளாகச் செய்யக்கூடியது பூச்சு வேலைதான். கடலோடிகள் நம்பும் பாலியூரித்தேன் பசை விலை அதிகம் என்று, குளியலறைக்கு வாங்கி மிஞ்சிய சிலிக்கோனை அப்புவார். அது உரிந்து வரும். அது பட்ட இடத்தில் பிறகு நல்ல பசையும் ஒட்டாது. அதனால் அதன்மேல் இன்னும் கொஞ்சம் சிலிக்கோன்.

எப்படியோ எல்லா வட்டமும் அழிந்து, படகு ஏரியில் இறங்கும். கால் மணி நேரத்தில் செருப்பு மிதக்கும். இந்தமுறை ரிவெட்டுகள்மேல் பழி போடக்கூடாது. அயல்நாட்டுச் சிப்பி ஒரு ஏரியிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றாமல் இருக்க, கரையேறியதும் படகின் வடிகால் தக்கையைக் கழற்றவேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம். சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர், சோதனைத் தண்ணீரை வடித்ததுமே கழற்றிப் பையில் போட்டுவிட்டார். மறுபடி மாட்டச் சொல்லும் பொறுப்பைச் சட்டம் ஏற்கவில்லை.