அறிவுரை இலவசம், அட்வான்ஸ் பத்து மாதம்

சென்னையில் வீடு தேடுகிறவருக்கு வீடுதான் கிடைக்காது; அறிவுரை தெருவுக்குத் தெரு கிடைக்கும். “சிட்டிக்குள்ள எதுக்கு சார் தண்டமா வாடகை குடுக்கறீங்க? கூடுவாஞ்சேரி பக்கம் போயிடுங்க. பாதி வாடகை, நல்ல காத்து.” சொல்கிறவர் அநேகமாக மயிலாப்பூரில் தாத்தா கட்டிய வீட்டில் இருப்பார். கூடுவாஞ்சேரி அவருக்கு நன்றாகத் தெரியும், பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது காரில் தாண்டியிருக்கிறார்.

நல்ல காற்றுதான். இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புகிறவர் அதை ஞாயிற்றுக்கிழமை வாங்கிக்கொள்ளலாம். மின்சார ரயிலின் சீசன் டிக்கெட் மலிவு என்பதும் உண்மை. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ஒரு ஷேர் ஆட்டோ, ஸ்டேஷனிலிருந்து ஆபீசுக்கு இன்னொன்று என்று இரண்டு முனைகளும் சேர்ந்துதான் வாடகையில் மிச்சம் பிடித்ததைத் தின்கின்றன.

சரி, ஊருக்குள்ளேயே பார்ப்போம் என்றால் அங்கே சட்டம் காப்பாற்றக் காத்திருக்கிறது. 2017இல் இயற்றப்பட்டு 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, குடியிருக்கும் வீட்டுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. இதை ஹவுஸ் ஓனரிடம் சொல்லிப் பாருங்கள். “சட்டம் தெரிஞ்சவங்களுக்கு வீடு விடறதில்லீங்க” என்பார். அதற்கு முன்பே நீங்கள் என்ன சாப்பிடுவீர்கள், என்ன ஆட்கள் என்றெல்லாம் விசாரித்து முடித்திருப்பார். ஒரு மாத வாடகையை வாங்கிக்கொண்ட புரோக்கர் அப்போது சுவரில் பெயின்ட் எப்படி இருக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருப்பார்.

அரசு சும்மா இல்லை. 2022இல் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக்கிவிட்டது. அரக்கோணமும் உள்ளே! ‘சென்னைக்கு மிக அருகில்’ என்று மனை விற்றவர்கள் இத்தனை வருடம் புளுகியதற்கு அரசாணையே வந்துவிட்டது. வரைபடத்தில் கோடு இழுக்க ஒரு பேனா போதும். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு 5 கிலோமீட்டர் பறக்கும் ரயில் விடத்தான் ஆண்டுக்கணக்கில் முடியவில்லை. 2008இல் தொடங்கிய வேலை, ஆதம்பாக்கத்தில் அரை கிலோமீட்டர் நிலத் தகராறில் பல ஆண்டுகள் அந்தரத்தில் நின்றது. கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பரில் பேருந்து நிலையத்தைத் திறந்தார்கள். அருகிலேயே தண்டவாளம் போகிறது. திறந்தபோது ரயில் நிற்க ஸ்டேஷன் இல்லை. மூட்டை முடிச்சோடு வந்திறங்கியவர்கள் ஓடும் ரயிலைப் பார்த்துக் கையசைக்க வேண்டியிருந்தது.

இதுவரை சொன்னவர்களுக்காவது இதா, அதா என்று கணக்குப் போட ஒரு பேப்பர் இருந்தது. கூவம், அடையாறு ஓரங்களில் இருந்தவர்களுக்கு அந்தக் கணக்கை அரசே போட்டுக் கொடுத்தது. அவர்களைப் பெயர்த்துக் குடியேற்றிய இடங்கள்: 2000 முதல் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, அப்புறம் 20,000-க்கும் மேற்பட்ட வீடுகளோடு பெரும்பாக்கம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு காரணமும் கிடைத்தது: ஆற்றங்கரை ஆபத்தாம். அதனால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள்! அங்கே தண்ணீர் முன்அனுமதி வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குள் வரும் போலிருக்கிறது.

வேலை மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது. விடியலில் பெரும்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் போய் நின்று பாருங்கள். டீலக்ஸ் பஸ் காலியாக வந்து காலியாகப் போகும். கையில் டிபன் பாக்ஸ் பையோடு நிற்கும் பெண்கள் ஏறமாட்டார்கள். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரண பஸ்ஸில்தான். அது வந்து, நெரிசலில் தொங்கி, நகரத்துக்குள் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பெருக்கித் துடைத்துத் திரும்பவேண்டும். தாமதமானால் ஒரு வீடு கைவிட்டுப் போகும். இதற்குப் பெயர் மறுவாழ்வு. பல்லைக் கடித்துக்கொண்டுதான் அந்தச் சொல்லை எழுதவேண்டியிருக்கிறது.

ஆற்றோரக் குடிசைகளை அகற்றி ‘ஏரியாவை க்ளீன்’ பண்ணச் சொல்லி மனுவில் கையெழுத்துப் போட்ட அபார்ட்மென்ட்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் காலை ஏழரைக்கே செய்தி வந்துவிடுகிறது: “வேலைக்காரம்மா டெய்லி லேட். பக்கத்துலயே குடியிருக்கிற ஆள் யாராவது இருந்தா சொல்லுங்க.”