குதிரையும் மஞ்சாடிக் கொட்டையும்

வாடா பேராண்டி. பசியாறிட்டியா? இந்தா கச்சாங் பூத்தே, நம்ம புந்தோங் சரக்கு, இப்பத்தான் வறுத்து எடுத்தது. ஒரு கை அள்ளிக்கிட்டு உக்காரு.

காலையில காடியக் கழுவப் போனேன். முன்னாடி கிரில்லுல ஒரு குதிரை ஸ்டிக்கர். ஈப்போ வெயில்ல வாலு பாதி பிஞ்சு, மேல தூக்கிக்கிட்டு நிக்குது. நம்ம புரோட்டோன் சாகா எப்ப குதிரை ஆச்சுன்னு உங்க பாட்டியக் கேட்டேன். "உங்க பேரன் ஃபோர்டு மஸ்டாங் வாங்கப் போறானாம். அதுக்கு இது அச்சாரமாம்"னா.

நல்ல காரியம். வாங்கு. வயசுப் புள்ள ஆசைப்படாம, நானா ஆசைப்படப் போறேன்? ஆனா பொண்ணு பாக்கப் போறதுக்கு முன்னாடி குடும்பம் எப்படின்னு நாலு பேர்கிட்ட விசாரிக்கிறோம்ல, அந்த மாதிரி குதிரையோட பூர்வீகத்தையும் கொஞ்சம் விசாரிச்சேன். உன் தங்கச்சி போன்ல படிச்சுச் சொன்னா, நான் தலையாட்டிக்கிட்டே கேட்டேன்.

இந்தக் குதிரை சந்தைக்கு வந்தது 1964 ஏப்ரல் 17, நியூயார்க் உலகக் கண்காட்சியில. விலை 2,368 டாலர். முதல் நாளே 22,000 பேர் எனக்கு உனக்குன்னு பேரைக் கொடுத்துட்டாங்க. ஒரு வருசத்துல நாலு லட்சத்துக்கு மேல ஓடிப் போச்சு. அதுக்குச் சில வருசம் முன்னாடி அதே ஃபோர்டு கம்பெனி எட்செல்னு ஒரு காடிய ஊரெல்லாம் தமுக்கடிச்சு இறக்கிப் பாத்து, நல்லா மண்ணைக் கவ்வியிருந்துச்சு. அந்தச் சூடு ஆறாத நேரத்துலதான் லீ அயகோக்கான்னு ஒரு ஆளு இந்தக் குதிரைக்காக மல்லுக்கட்டுனான். அவன் இத்தாலியிலேர்ந்து பொழைக்கப் போன குடும்பத்துப் புள்ள. நம்ம கதைதான். என்ன, நம்ம கப்பல் நாகப்பட்டினத்துலேர்ந்து கிளம்புச்சு.

இப்பக் கிட்ட வா, ரகசியம் சொல்றேன். உன் குதிரை இருக்கே, அது உள்ளுக்குள்ள குதிரையே இல்ல. ஃபோர்டு ஃபால்கன்னு ஒரு சிக்கனக் காடி. சம்பளக்காரன் பொண்டாட்டி புள்ளைய ஏத்திக்கிட்டு மளிகை வாங்கப் போறதுக்குச் செஞ்சது. அதோட அடித்தளத்தையும் இஞ்சினையும் எடுத்து, மூக்கை நீட்டி, பின்னாடியக் குறைச்சு, புதுச் சட்டை மாட்டி, குதிரைன்னு பேர் வச்சுட்டான். புதுசா எல்லாத்தையும் செய்ய வேண்டியதில்ல, அதனாலதான் அந்த விலைக்குக் கொடுக்க முடிஞ்சுச்சு.

போன தீபாவளிக்கு உன் கூட்டாளிங்க முன்னாடி என் சாகாவப் பாத்து என்ன சொன்ன? "அது புரோட்டோன் இல்ல தாத்தா, மிட்சுபிஷி. முத்திரைய மாத்தி ஒட்டிட்டாங்க"ன்னு சிரிச்ச. உண்மைதான். 1985 ஜூலை 9-ல வந்த சாகா, மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேங்கிற காடியோட அச்சு. மஞ்சாடி மரத்துக் கொட்டை இருக்கே, செக்கச்செவேல்னு, மலாய்க்காரங்க சாகாங்கிறாங்களே, அதோட பேரை வச்சான். ஆக, என்னோடது கொட்டைச் சட்டை போட்ட மிட்சுபிஷி. உன்னோடது குதிரைச் சட்டை போட்ட மளிகைக் காடி. ரெண்டு பேரும் இரவல் வேட்டியில மாப்பிள்ளை ஆனவங்கதான், இதுல உனக்கென்னடா இளக்காரம்?

இன்னொரு சூட்சுமம் கேளு. அந்த 2,368 டாலர் வெறும் காடிக்கு. பெரிய இஞ்சின் வேணுமா, தனி காசு. ரேடியோ வேணுமா, அதுக்குத் தனி. ஏசிக்குத் தனி. வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில சோறு சீப்பா இருக்கேன்னு உக்காந்து, கோழி, மீனு, முட்டைன்னு கையக் காட்டிட்டு, பில்லைப் பாத்து முழிப்பியே, அதே வித்தை. அமெரிக்காக்காரனும் நம்மளப் போலத்தான் முழிச்சிருப்பான்.

ஆனா அங்கேயும் ஒரு கெட்டிக்காரன் இருந்திருக்கான். கடையில காட்டறதுக்கு மட்டும்னு கனடாவுக்கு அனுப்புன முதல் குதிரைய, கடைக்காரன் ஒரு விமானிக்கு வித்துத் தொலைச்சுட்டான். கம்பெனி கேட்டுச்சு, அவன் மசியல. ரெண்டு வருசம் ஆசை தீர ஓட்டுனான். கடைசியில புத்தம்புதுக் குதிரை ஒண்ணை வாங்கிக்கிட்டுத்தான் பழசைத் திருப்பிக் கொடுத்தான். மஸ்டாங் வாங்குனதுல லாபம் பாத்தவன்னு எனக்குத் தெரிஞ்சு அவன் ஒருத்தன்தான்.

அப்புறம் 1973-ல எண்ணெய் விலை ஏறுச்சு. அந்த நேரம் பாத்து வந்த குதிரை, பிண்டோங்கிற சின்னக் காடியோட அடித்தளத்துல செஞ்சது. முதல் வருசம் அமெரிக்காவுல அதுக்கு வி8 இஞ்சினே கிடையாது. குதிரை மட்டக்குதிரை ஆயிடுச்சு. இப்ப அதைக் கேலி பண்றவங்க பண்றாங்க. அந்த வருசம் மட்டும் மூணே முக்கால் லட்சத்துக்கு மேல வித்துச்சு. எண்ணெய் போடக் காசில்லாதப்ப எவனும் கனைப்பு கேக்கறதில்ல.

இதெல்லாம் கிடக்கட்டும். குதிரை எதுல ஓடுது? டயர்ல. டயர் எங்கேர்ந்து வந்துச்சு? உங்க பாட்டியக் கேளு. விடியறதுக்கு முன்னாடி பெரட்டுல பேர் கொடுத்துட்டு, நெத்தியில விளக்கோட கித்தா காட்டுல, அதான் ரப்பர் தோட்டத்துல, நுழைவா. பட்டைய மெல்லிசா ஒரு சீவு. கத்தி ஆழமாப் போனா மரத்துக்குக் காயம், கங்காணிகிட்ட ஏச்சு. பால் அந்தக் கோட்டு வழியா ஊர்ந்து வந்து மங்குல சொட்டும். இந்தக் கித்தாவே 1877-ல நம்ம கோலகங்சார்ல நட்ட கன்னுங்ககிட்டேர்ந்து கிளைச்ச சம்சாரம்தான். அதுல ஒரு மரம் இன்னும் நிக்குது, ஒரு நாளு போய்ப் பாத்துட்டு வா.

இந்தப் பாலுக்கு பிரிட்டிஷ்காரன்கிட்ட கையேந்தக் கூடாதுன்னு, கிழவர் ஹென்றி ஃபோர்டு 1920-கள் கடைசியில பிரேசில் காட்டுல சொந்தமாத் தோட்டம் போட்டாரு. ஊருக்கே ஃபோர்டுலாண்டியான்னு பேரு. மரத்தை நெருக்கி நெருக்கி நட்டாங்க, இலைநோய் வந்து தின்னுட்டுப் போச்சு. சாப்பாடு சரியில்லன்னு 1930-ல ஆளுங்க கலவரம் பண்ணுனாங்க. 1945-ல பிரேசில் அரசாங்கத்துக்கே தள்ளிவிட்டாங்க. கிழவர் அந்தத் தோட்டத்துல ஒரு நாளும் கால் வைக்கல. நம்ம தோட்டத்துக் கிராணி ஒருத்தரைக் கேட்டிருந்தா, ரெண்டு டீக்குப் புத்தி சொல்லியிருப்பாரு.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். ஸ்டீயரிங்க வலப்பக்கம் வச்சு ஃபோர்டு தொழிற்சாலையிலேயே மஸ்டாங் செய்யறதுக்கு அம்பது வருசம் ஆச்சு. மலேசியாவுல முறைப்படி 2016-ல வந்துச்சு. வித்தது சைம் டார்பி. 1910-ல மலாக்காவுல கித்தாத் தோட்டம் நடத்தப் பிறந்த அதே சைம் டார்பி! தாத்தா பாட்டிகிட்டப் பாலை வாங்குனாங்க, பேரங்ககிட்டக் குதிரைய வித்தாங்க. வி8 குதிரை அப்ப ஆறு லட்சம் வெள்ளிக்குக் கிட்ட. அமெரிக்காவுல சீப்பா விக்கத்தான் அதைப் பெத்தாங்கங்கறத மறந்துடாத.

வாங்குனப்புறம் ரோட் டாக்ஸ் இருக்கு. 3,000 சிசிக்கு 2,130 வெள்ளி. அதுக்கு மேல ஒவ்வொரு சிசிக்கும் 4 வெள்ளி 50 காசு. அந்த வி8 குதிரை 4,951 சிசி. கூட்டிப் பாரு: வருசத்துக்கு 10,909 வெள்ளி 50 காசு. கதவு ரெண்டுதான், பின்சீட்டுல உங்க பாட்டிய வேட்டி மாதிரி மடிச்சுத்தான் வைக்கணும். அவ முட்டி மடங்கி ஆறு வருசம் ஆச்சு.

நான் வேணாங்கல. நீ வாங்கு. முதல் சுத்து எனக்குத்தான், சுங்கை பாரி ரோட்டுல கண்ணாடிய இறக்கிவிட்டுப் போகணும். அதுவரைக்கும் அந்த ஸ்டிக்கர் வாலை ஒழுங்கா அமுக்கி ஒட்டு, இல்ல உரிச்சுப் போடு. சாகா சாவி ஆணியில தொங்குது. 1.3 இஞ்சின், ரோட் டாக்ஸ் 70 வெள்ளி, கட்டியாச்சு. பாட்டி மார்க்கெட்டுக்குக் கிளம்பி வாசல்ல நிக்கிறா, எடு வண்டிய.