அமைச்சர் வைத்த நடத்தைப் பரீட்சை

ஆஸ்திரேலியாவில் அயல்நாட்டாருக்கு நடத்தை மார்க் போடும் வேலை குடியேற்றத் துறை அமைச்சருடையது. 1958ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் 501ஆவது பிரிவு அவருக்குத் தந்த வரம் அது.

2007 ஜூலையில் அவரிடம் ஃபெயிலானவர் டாக்டர் முகமது ஹனீப். பெங்களூர்க்காரர், கோல்டு கோஸ்ட் மருத்துவமனையில் வேலை. செய்த மகாபாதகம், இங்கிலாந்தை விட்டுக் கிளம்பும்போது உறவுக்காரப் பையனிடம் தன் சிம் கார்டைக் கொடுத்தது. கிளாஸ்கோ விமான நிலையத் தீவிரவாதத் தாக்குதலில் எரிந்த ஜீப்பில் அந்த சிம் கிடந்ததாக நீதிமன்றத்தில் அடித்துச் சொன்னார்கள். அது கிடைத்ததோ லிவர்பூலில். நடுவில் 300 கிலோமீட்டருக்கு மேல் சாலை. தேசப் பாதுகாப்பு என்று வந்தபின் இந்தச் சில்லறைக் கணக்கெல்லாம் பார்க்கலாமா?

ஜூலை 16 அன்று பிரிஸ்பேன் மாஜிஸ்திரேட் 10,000 டாலர் ஜாமீனில் விட உத்தரவிட்டார். சில மணி நேரம்கூடத் தாங்கவில்லை, ஹனீபின் குணம் சரியில்லை என்பது அமைச்சர் கெவின் ஆண்ட்ரூஸுக்கு உறைத்துவிட்டது. விசா ரத்து. ஜாமீனில் வந்தாலும் குடியேற்றத் துறைக் காவல். 27ஆம் தேதி வழக்கையே கைவிட்டார்கள். குற்றம் போயிற்று, கெட்ட குணம் மட்டும் போகவில்லையாம்!

இந்த அளவுகோலில் நானே தேற மாட்டேன் என்றார் விசாரித்த ஃபெடரல் நீதிமன்ற நீதிபதி ஸ்பெண்டர். ஆகஸ்டில் அமைச்சரின் உத்தரவு செல்லாது என்றார். டிசம்பரில் முழு அமர்வும் ஆமோதித்தது. டாக்டர் அதற்குள் ஊர் போய்ச் சேர்ந்திருந்தார்.

நீதி வென்றது என்று கைதட்டிவிடாதீர்கள். அமைச்சர் சட்டப்படி நடந்தாரா என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். ஒரு மனிதனைத் துரத்துவது நியாயமா என்ற கேள்வி அதன் வாசலுக்கே வராது. விசா ரத்தை எதிர்த்துத் தீர்ப்பாயத்துக்குப் போகிறவர்கள் நியாயம் கேட்கலாம், 84 நாள் கெடுவோடு. கெடுவுக்குள் முடிவு வராவிட்டால் விசா ரத்து சரியே என்று தீர்ப்பானதாக அர்த்தம். தாமதம் தீர்ப்பாயத்துடையது, தண்டனை மனுதாரருக்கு.

இதையும் மீறி அரசு எப்போதாவது தோற்கும். ஓராண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றுச் சிறையில் இருப்பவரின் விசாவை ரத்து செய்தே தீர வேண்டும் என்று 2014இல் சட்டம் போட்டிருந்தார்கள். பல குற்றங்களுக்கு மொத்தமாக விதித்த தண்டனையை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்றது 2022 டிசம்பரில் ஃபெடரல் நீதிமன்ற முழு அமர்வு. காவலிலிருந்து பலரை விட வேண்டியதாயிற்று. 2023 பிப்ரவரிக்குள் நாடாளுமன்றம் புதுச் சட்டம் போட்டது: சேர்க்கலாம், பழைய ரத்துகளும் செல்லும். ஹனீபைத் துரத்தியது லிபரல் ஆட்சி, இதைச் செய்தது லேபர் ஆட்சி. லிபரல்களும் கை தூக்கினார்கள். வெளியே வந்தவர்களில் சிலரை மறுபடி பிடித்துப் போனார்கள். இம்முறை புதுக் குற்றம் எதுவும் தேவைப்படவில்லை.