சாவிக்குக் கால் முளைத்த கதை

எங்கள் வீட்டில் எது காணாமல் போனாலும் என் வாயில் முதலில் வருவது எட்டாவது படிக்கும் மகனின் பெயர்தான். தேடுவதெல்லாம் அப்புறம். போன ஞாயிறு ஸ்கூட்டர் சாவியைக் காணவில்லை.

"நான் எடுக்கலப்பா."

"பின்னே, சாவிக்குக் கால் முளைச்சுதா?"

அவன் பதில் சொல்லாமல் ஒரு படத்தைப் போட்டான். 2010இல் கிறிஸ் கொலம்பஸ் இயக்கத்தில் வந்த முதல் பெர்சி ஜாக்சன் படம். வேண்டுமென்றேதான் போட்டிருக்கிறான்.

ஆரம்பமே நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டட உச்சி. கிரேக்கக் கடவுள்களின் தலைவர் ஜீயஸ், கடல் கடவுள் பொசைடன் மீது பாய்கிறார். மின்னலாயுதத்தைக் காணோமாம், திருடியது உன் பிள்ளைதானாம், 14 நாளில் திரும்பி வராவிட்டால் போராம். அந்தப் பிள்ளை பெர்சியோ பள்ளி நீச்சல்குளத்தின் அடியில் ஏழு நிமிடமாக மூச்சடக்கி உட்கார்ந்திருக்கிறான். அப்பா கடவுள் என்பதே பாவம் அவனுக்குத் தெரியாது.

மகன் என்னைப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

பெர்சிக்கு வாத்தியார் ஒரு பேனா தருகிறார். திறந்தால் வாள். நானும் பரீட்சைக்குப் பேனா வாங்கித் தந்திருக்கிறேன். திறந்தால் சட்டையெல்லாம் மை. புத்தகத்தைப் பிரித்தால் பெர்சிக்கு எழுத்துகள் மிதக்கும். டிஸ்லெக்சியா. கடவுள்களின் பிள்ளைகளுக்கான முகாமுக்குப் போன பிறகுதான் காரணம் தெரிகிறது: அவன் மூளை பண்டைய கிரேக்க மொழிக்கென்றே அமைந்ததாம். மூல நாவலை எழுதிய ரிக் ரியோர்டன், இதே சிக்கல் இருந்த தன் மகனுக்குத்தான் முதலில் இந்தக் கதையைச் சொன்னாராம். அவரும் ஓர் அப்பா.

மெடுசாவை நேரே பார்த்தால் கல்லாகிவிடுவோம். புராணத்துப் பெர்சியஸ் பளபளக்கும் கேடயத்தில் அவள் உருவத்தைப் பார்த்து வெட்டினான். இந்தப் பெர்சிக்கு ஐபாடின் முதுகே போதும்.

"கண்டதை நோண்டினா உருப்படமாட்டேன்னு சொல்வீங்களே?" என்றான் மகன். மின்விசிறி நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

ஹாலிவுட் பெயர்ப்பலகைக்கு அடியில் பாதாள உலகத்துக்கு வழி. அங்கே போன பிறகுதான் தெரிகிறது, மின்னல் இத்தனை நாளும் பெர்சியின் கேடயப் பிடிக்குள்ளேயே இருந்திருக்கிறது! நான் துள்ளி எழுந்தேன். "பாத்தியா! கடைசியில அவன்கிட்டதானே இருந்துச்சு!"

"இருந்துச்சு. உள்ள வச்சது யாரு? கேடயத்தைக் கொடுத்தானே, அந்த லூக்."

அந்த நேரம் பார்த்து, துவைக்க எடுத்த டியூஷன் பையை மனைவி உதறினாள். தண்ணீர் பாட்டில் வைக்கும் பக்கப் பையிலிருந்து ணங்கென்று சாவி விழுந்தது.

என் முகத்தில் வெற்றிப் புன்னகை. அரை நிமிடம்தான். சனிக்கிழமை சாயங்காலம், ஒரு கையில் பால் பாக்கெட், மறு கையில் கீரைக்கட்டு, தோளில் அவனுடைய பை; கதவைத் திறக்கத் தோதாகச் சாவியை எங்கேயோ செருகிய ஞாபகம் மெல்ல வந்தது.

"யாருங்க இதுல வச்சது?" என்றாள் மனைவி.

நான் மெடுசாவைப் பார்த்தவன் மாதிரி நின்றேன்.

மகன் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "கால் முளைச்சிருக்கும்மா" என்றான்.