கேளுங்கள் தம்பி: மில்லிங் மாமா பதில்கள்

கே: சி.என்.சி. மில்லிங் மிஷினுக்குத் தாத்தா யார்? (ஐ.டி.ஐ. மாணவர், திருச்சி)

ப: ஹெலிகாப்டர் இறக்கை செய்துகொண்டிருந்த ஜான் பார்சன்ஸ் என்ற அமெரிக்கர் பிள்ளையார் சுழி போட்டார். 1952-ல் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடம், துளையிட்ட நாடாவைப் படித்து ஓடும் மில்லிங் மிஷினை ஊருக்குக் காட்டியது. 1959-ல் ‘ஏ.பி.டி.’ என்ற புரோக்ராம் மொழியை அறிமுகப்படுத்தியபோது, வந்தவர்களுக்கு அந்த முறையில் கடைந்த அலுமினிய ஆஷ்டிரே பரிசு. விமானம் செய்ய வந்த வித்தை, சாம்பல் தட்டவும் உதவியது!

கே: எக்ஸ் 100 என்று அடித்தேன். டேபிள் அசையவே இல்லை. ரிப்பேரா? (புது ஆபரேட்டர், அம்பத்தூர்)

ப: அசைந்தது, உங்களுக்குத்தான் தெரியவில்லை. பல ஃபேனக் கண்ட்ரோல்களில் புள்ளி வைக்காத 100 என்றால் 100 மைக்ரான், அதாவது 0.1 மி.மீ. புள்ளி கோலத்துக்கு மட்டும் என்று நினைத்தீர்களோ?

கே: ஜி0, ஜி1 வித்தியாசம் என்ன? சுருக்கமாக.

ப: ஜி1, சொன்ன ஃபீடில் வெட்டிக்கொண்டு போகும். ஜி0, தலைதெறிக்க ஓடும். மாற்றி அடித்தால் வித்தியாசத்தை ஸ்பிண்டில் பில்லில் பார்க்கலாம்.

கே: புரோக்ராம் பக்கா, சிமுலேஷன் பக்கா. ஆனாலும் டூல் வைஸில் இறங்கிவிட்டதே? (ஓசூர்)

ப: ஜி54-ல் நேற்றைய ஜாப்பின் ஜீரோ இருந்திருக்கும், அல்லது புது டூலுக்குப் பழைய நீளம். சிங்கிள் பிளாக் போட்டு, ரேபிட்டைக் குறைத்து, ‘டிஸ்டன்ஸ் டு கோ’ பாருங்கள். டூல் நுனி ஜாப்புக்கு 20 மி.மீ. மேலே நிற்கிறது, திரையோ இன்னும் 60 இறங்கணும் என்கிறதா? நிறுத்துங்கள். மீதி 40 ஜாப்புக்குள்!

கே: 10 மி.மீ. கார்பைடு எண்ட்மில்லுக்கு சீனியர் 2,000 ஆர்.பி.எம். என்கிறார், சேல்ஸ்மேன் 6,000 என்கிறார். யாரை நம்ப? (கோவை)

ப: கணக்கை. டூல் பெட்டியில் வெட்டுவேகம் நிமிடத்துக்கு 100 மீட்டர் என்றிருந்தால், அதை 1000-ஆல் பெருக்கி, 3.14 × 10-ஆல் வகுங்கள்: சுமார் 3,180. நாலு பல், பல்லுக்கு 0.05 மி.மீ. என்றால் ஃபீட் 636. சீனியர் சொன்னால் டூல் பிழைக்கும். சேல்ஸ்மேன் சொன்னால் சேல்ஸ்மேன் பிழைப்பார்.

கே: மிஷினில் சரியாக இருந்த அளவு கியூ.சி.யில் ரிஜெக்ட். என்மேல் பகையா?

ப: சூட்டின் சேட்டை. அளவெடுப்பதற்கான நியம வெப்பநிலை 20 டிகிரி. 300 மி.மீ. அலுமினியம் அதைவிட 10 டிகிரி சூடாக இருந்தால் சுமார் 70 மைக்ரான் நீண்டு நிற்கும். சுடச்சுட அளந்து மார்தட்டினால், ஏ.சி. அறையில் இரண்டும் சுருங்கும்: ஜாப்பும், மார்பும்.

கே: ஸ்பிண்டில் ஓடும்போது கிளவுஸ் போட்ட கையால் சிப்ஸ் தள்ளலாமா?

ப: கூடவே கூடாது. டூல் கிளவுஸைக் கவ்வினால் கையையும் சேர்த்தே இழுக்கும். ஸ்பிண்டிலை நிறுத்திவிட்டு பிரஷ்ஷால் தள்ளுங்கள். விரல் நீளத்துக்கு ஆஃப்செட் கொடுக்க முடியாது.

கே: கேம் மென்பொருளே புரோக்ராம் எழுதுகிறது. இனி ஆபரேட்டர் எதற்கு? (முதலாளி, ஹோசூர் சாலை)

ப: வைஸைத் துடைக்க. ஜாப்புக்கு அடியில் உள்ள பாரலலை விரலால் அசைத்துப் பாருங்கள். நகர்ந்தால் ஜாப் சரியாக உட்காரவில்லை. அடியில் ஒரு சிப்ஸ் தூள் போதும். மென்பொருள் எழுதிய 3,000 வரியும் ஒன்றுகூடி, கோணல் ஜாப்பை மைக்ரான் சுத்தமாகச் செய்து கொடுக்கும்.